லேப்டாப் ஸ்கிரீன் திடீர்னு கருப்பாயிடுச்சா? கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி இந்த 6 சோதனையைச் செஞ்சு பாருங்க!

காலேஜ் ப்ராஜெக்ட்டை நாளைக்குக் கொடுக்கணும். ராத்திரி 10 மணி. லேப்டாப்பைத் திறந்தா ஃபேன் சத்தம் கேட்குது, பவர் லைட் எரியுது, ஆனா ஸ்கிரீன் மட்டும் கும்மிருட்டு. வீடு வேடந்தாங்கல் பக்கம். கொஞ்சம் பெரிய ஊர்னா மதுராந்தகம் போகணும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போறதுன்னா ஒரு நாளே போயிடும். இந்த நிலைமையில என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் இது லட்சக்கணக்கான வீடுகளின் கேள்வி. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு லேப்டாப் கிடைத்தது. 2025-26 பட்ஜெட்டில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். அது கெட்டுப்போனா இன்னொண்ணு உடனே வாங்க முடியாது.

ஒரு நல்ல செய்தி: ஸ்கிரீன் இருட்டா இருக்குன்னா ஸ்கிரீன்தான் போச்சுன்னு அர்த்தம் இல்ல.

படம் எப்படி ஸ்கிரீனுக்கு வருது?

மதர்போர்டில் இருக்கும் கிராஃபிக்ஸ் சிப்தான் படத்தை உருவாக்குது. அங்கிருந்து ஒரு மெல்லிய கேபிள், மூடியைத் திறந்து மூடும் கீல் வழியா மேலே போய் பேனலில் சேருது. பேனலுக்குப் பின்னாடி எல்இடி விளக்குகள் இருக்கு. அந்த வெளிச்சம் இருந்தாத்தான் படம் நம்ம கண்ணுக்குத் தெரியும்.

அதாவது மதர்போர்டு, கேபிள், பேனல், பின்விளக்குன்னு நாலு கண்ணி. இதுல எது அறுந்தாலும் நமக்குத் தெரியறது ஒரே இருட்டுதான். ஆனா செலவு ஒண்ணு இல்ல. கேபிள் கோளாறுன்னா குறைஞ்ச செலவு, பேனல்னா அதிகம், மதர்போர்டுன்னா இன்னும் அதிகம். எந்தக் கண்ணின்னு தெரியாம கடைக்குப் போனா, கடைக்காரர் சொல்றதுதான் கணக்கு.

வீட்டிலேயே செய்யக்கூடிய 6 சோதனைகள்

1. உயிர் இருக்கா? கேப்ஸ் லாக் பட்டனை அழுத்துங்க. அதுக்கான விளக்கு எரிஞ்சு அணைஞ்சா, லேப்டாப் உள்ளே இயங்கிக்கிட்டுதான் இருக்கு. விளக்கு அசையவே இல்லன்னா, அல்லது ஏதோ ஒரு கணக்கில் விட்டுவிட்டு மினுக்கினா, கோளாறு ரேம் அல்லது மதர்போர்டு பக்கம் இருக்கலாம். எத்தனை முறை மினுக்குதுன்னு செல்போனில் வீடியோ எடுத்து வைங்க. பழுது பார்ப்பவருக்கு அது பெரிய துப்பு.

2. மின்சாரத்தை வடிச்சிடுங்க. சார்ஜரைக் கழட்டுங்க. பேட்டரி வெளியே எடுக்கிற மாதிரி இருந்தா அதையும் எடுத்துடுங்க. பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடிச்சு விடுங்க. பிறகு சார்ஜரை மாட்டி ஆன் பண்ணுங்க. சும்மா உறைஞ்சுபோன லேப்டாப் பல நேரம் இதுலயே எழுந்துடும். விண்டோஸ் ஓடிக்கிட்டே படம் மட்டும் போயிருந்தா விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நாலு பட்டனையும் சேர்த்து அழுத்துங்க. கிராஃபிக்ஸ் டிரைவர் புதுசா தொடங்கும்.

3. டார்ச் அடிச்சுப் பாருங்க. அறை விளக்கை அணைச்சிட்டு, ஸ்கிரீன் மேல சாய்வா செல்போன் டார்ச் அடிங்க. படம் மங்கலா நிழல் மாதிரி தெரியுதா? அப்போ படம் வந்துக்கிட்டுதான் இருக்கு, பின்விளக்குதான் எரியலை. முதல்ல கீபோர்டில் பிரைட்னஸைக் கூட்டிப் பாருங்க. அதுலயும் சரியாகலன்னா பின்விளக்கு, அதுக்கு மின்சாரம் தரும் சிறு ஃபியூஸ், கேபிள் இந்த மூணுல ஒண்ணு.

4. டிவியில் மாட்டுங்க. எச்டிஎம்ஐ வயரால் டிவியோட இணைச்சு, விண்டோஸ் பட்டனோட பி-யை அழுத்துங்க. டிவியில் படம் சுத்தமா வந்தா மதர்போர்டு பெரும்பாலும் நல்லா இருக்கு, கோளாறு கேபிள் அல்லது பேனலில். டிவியிலும் அதே கோடு, அதே மினுக்கல்னா சந்தேகம் கிராஃபிக்ஸ் பக்கம் போகும். 2006இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த பழைய கலர் டிவியில் எச்டிஎம்ஐ கிடையாது. பக்கத்து வீட்டு எல்இடி டிவி போதும்.

5. மூடியை மெதுவா அசைங்க. ஒரு கோணத்தில் படம் வந்து, இன்னொரு கோணத்தில் போகுதா? கீல் பக்கம் கேபிள் தேய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். இது மலிவான லேப்டாப்புக்கு மட்டும் வர்ற நோய் இல்ல. 2016இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் இதே சிக்கல் வந்து, 2019 மே மாதம் ஆப்பிள் நிறுவனமே இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவிச்சது.

6. விண்டோஸுக்கு வெளியே பாருங்க. ஆன் பண்ணும்போதே எஃப்2 அல்லது எஸ்கேப் பட்டனைத் தட்டினா பயாஸ் திரை வரும். அங்கே படம் சரியா இருந்து விண்டோஸில் மட்டும் மினுக்கினா, அது டிரைவர் பிரச்னை. காசே செலவில்லை. டெல் லேப்டாப்பா இருந்தா, ஆஃப் பண்ணிட்டு டி பட்டனைப் பிடிச்சபடி ஆன் பண்ணுங்க. ஸ்கிரீன் தானே கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம்னு மாறும். எல்லா நிறமும் சுத்தமா வந்தா பேனல் நலம்.

கோடு, கறை... எது எதைச் சொல்லுது?

மேலிருந்து கீழாக நேர்க்கோடு அசையாம நின்னா பெரும்பாலும் பேனல் கோளாறு. மை கொட்டின மாதிரி கருப்புக் கறை பரவியிருந்தா உள் கண்ணாடி உடைஞ்சிருக்கு, பேனலை மாத்துறது தவிர வழியில்ல. கீபோர்டு மேல பேனாவோ இயர்போனோ இருக்கிறதைக் கவனிக்காம மூடினாலே இப்படி ஆகும்.

இன்னொரு வேடிக்கையான காரணமும் இருக்கு. மூடி மூடியிருக்கான்னு கண்டுபிடிக்க லேப்டாப்பில் காந்த உணரி இருக்கும். காந்தம் வச்ச போன் கவரோ, கைப்பட்டையோ அது பக்கத்தில் வந்தா, மூடியாச்சுன்னு நினைச்சு ஸ்கிரீன் அணைஞ்சிடும்.

கடலோரத்தில் கூடுதல் கவனம்

மாமல்லபுரம், கோவளம், கல்பாக்கம் பக்கம் இருக்கிறவங்களுக்கு உப்புக்காத்தும் ஒரு எதிரி. ஈரமும் உப்பும் சேர்ந்து கனெக்டர்களில் பச்சைப் பாசி மாதிரி அரிப்பை உண்டாக்கும். ஜன்னலோரம் திறந்து வைக்காதீங்க. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அந்த மாதிரி நேரத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும், சார்ஜரைக் கழட்டி வைங்க. தண்ணி புகுந்திருந்தா ஆன் பண்ணிப் பார்க்கவே வேண்டாம். அரிசிக்குள்ள புதைச்சா உப்பு போகாது, பிரிச்சுத்தான் சுத்தம் பண்ணணும்.

கடையில் என்ன கேட்கணும்?

வாரன்ட்டி இருந்தா முதல்ல நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குத்தான் போகணும். கீழே விழுந்து உடைஞ்சது வழக்கமா வாரன்ட்டியில் வராது, ஆனா உடையாம தானா வந்த கோடு வரும். வெளிக்கடையில் பிரிச்சுட்டா அந்த உரிமை சிக்கலாகலாம்.

வாரன்ட்டி முடிஞ்சிருந்தா இதையெல்லாம் கேளுங்க:

* பழைய பேனலின் பின்னாடி ஒரு பார்ட் நம்பர் இருக்கும். புதுசும் அதே நம்பரா, அல்லது அதுக்குப் பொருந்துறதா? அளவு, ரெசல்யூஷன், கனெக்டரில் 30 பின்னா 40 பின்னா, எல்லாம் ஒத்துப்போகணும்.
* புது பேனலா, கழட்டின பழையதா? எத்தனை மாச வாரன்ட்டி? பில் உண்டா?
* கேபிளைச் சோதிச்சுப் பார்த்தீங்களா?
* கழட்டின பேனலைத் திருப்பித் தருவீங்களா?

நீங்களே பிரிக்கப் போறீங்களா? ஸ்கிரீன் கனெக்டரைத் தொடுறதுக்கு முன்னாடி பேட்டரி இணைப்பைக் கழட்டணும். அதை மறந்தா பின்விளக்கு ஃபியூஸ் போயிடும், சின்ன வேலை மதர்போர்டு வேலையாயிடும். கை பழகலன்னா முயற்சி வேண்டாம்.

ஏமாத்தினா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு பேசலாம். செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைன்னா புகாருக்குக் கட்டணம் இல்லை. அதுக்குத்தான் பில் முக்கியம்.

அப்போ அந்த ப்ராஜெக்ட்?

ஸ்கிரீன் போனா ஃபைல் போகாது. அது ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமா இருக்கு. டிவியில் மாட்டி, பென் டிரைவிலோ மெயிலிலோ உடனே எடுத்துடுங்க. கடைக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைக் கட்டாயம் செய்யணும். பழுதுக்கு ஆகும் செலவு லேப்டாப்பின் இப்போதைய மதிப்பில் பாதியைத் தாண்டினா, அவசரப்பட்டு மாத்தவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். பழைய மானிட்டரோ டிவியோ மாட்டினா அதே லேப்டாப் வீட்டுக் கம்ப்யூட்டரா இன்னும் சில வருஷம் உழைக்கும். தம்பி, தங்கச்சி படிக்க அது போதும்.