தரவுப் பணிகளைத் தொகையாக நீக்குமாறு

கரிவலம்வந்தநல்லூர்த் திருக்கோயிலில் வரகுணராம பாண்டியர் காலத்து ஏட்டுச்சுவடிகள் மிகுதியாக இருந்தன என்று கேள்வியுற்று டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவற்றை நாடிச் சென்ற வரலாற்றைத் தமிழ் மாணவர் அறிவர். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இடுதல் ஆகம முறை என்றும், அவ்வாறே அவை இடப்பட்டன என்றும் அங்கே அவருக்கு விடை கிடைத்தது. இட்டவர் தமிழுக்குப் பகைவர் அல்லர். பழையன என்று கருதிக் குவியலாக இட்டனர், அவ்வளவே.

இக்காலத்து அலுவலகங்களிலும் அத்தகைய குவியல்கள் உள. அவை ஓலையால் ஆயவை அல்ல. வங்கியோ மருத்துவமனையோ பல்கலைக்கழகமோ, எதுவாயினும் அதன் செய்திகள் ஒரே கணினியில் இருப்பதில்லை. கட்டணக் கணக்கு ஓரிடத்தும், வருகைப் பதிவு வேறோரிடத்தும், தேர்வு மதிப்பெண் மற்றோரிடத்தும் கிடக்கும். இவற்றை நாள்தோறும், பெரும்பாலும் இரவில், எடுத்து வந்து திருத்தி ஓரிடத்திற் சேர்ப்பனவே தரவு ஒருங்கிணைப்புக் கருவிகள். ஐ.பி.எம். நிறுவனத்தாரின் டேட்டாஸ்டேஜ் இவற்றுள் ஒன்று. அதனுள் ஒவ்வொரு வேலைக்கும் எழுதி வைத்த அமைப்பினை ‘ஜாப்’ என்பர்; நாம் பணி என்போம். ஆண்டுகள் செல்லச் செல்லச் சோதனைக்கென்று எழுதியவை, ஒன்றைப் பார்த்து மற்றொன்றாகப் படியெடுத்தவை, வேலையை விட்டுச் சென்றவர் எழுதி எவரும் அறியாமற் கிடப்பவை எனப் பணிகள் நூற்றுக்கணக்கிற் பெருகும். அப்போது ஒருவர்க்கு அவற்றையெல்லாம் ஒருங்கே நீக்கும் வேலை வந்து சேரும்.

எம் தமையனார் பணியாற்றும் அலுவலகத்தில் இவ்வாறு ஒருமுறை செய்தனர். தொண்ணூறு நாளாக ஓடாத பணிகள் இறந்தன எனக் கொண்டு, பட்டியல் எடுத்து, ஒரே மாலையில் நீக்கினர். அப்பட்டியலில் ஆண்டுக்கு ஒரே முறை, ஜூன் மாதத்தில் மட்டும், உதவித்தொகை பெறும் மாணவர் பெயர்களை வங்கிக்கு அனுப்பும் பணியொன்றும் இருந்தது. நீக்கியது டிசம்பரில், தெரிய வந்தது ஜூனில். அதனைத் திரும்ப எழுதி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் விடுதிக் கட்டணத்திற்கு வழியின்றி நின்ற மாணவர் நம்மை யொத்தவரே.

ஆகவே, இவ்வேலையில் அச்சம் உள்ள இடம் ‘நீக்குக’ என்னும் கட்டளை அன்று; அதற்கு முன் எழுதும் பட்டியலே ஆகும். கடைசியாக ஓடிய நாளை மட்டும் கொண்டு பட்டியல் எழுதுதல் போதாதென்பது மேலே கண்டது. பெயரைக் கொண்டு எழுதுதல் அதனினும் பொல்லாது. பெயரில் ‘டெஸ்ட்’ என்று வருவன யாவும் சோதனைப் பணிகள் என்று எண்ணுவார் உளர். மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கொணரும் பணியின் பெயரிலும் அச்சொல் இருக்கக் கூடும் அன்றோ?

இன்னும் ஒன்று. பணிகள் தனித்து நிற்பன அல்ல. ‘சீக்குவென்ஸ்’ என்னும் தலைமைப் பணி பிற பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கும். அழைக்கப்படுவதை நீக்கினால் அழைப்பது அன்றிரவே நின்றுவிடும். ஒரு பணி எங்கெங்கே பயன்படுகின்றது என்று தேடிக் காட்டும் வசதி டேட்டாஸ்டேஜில் உண்டு. ஆயினும் அது கருவிக்குள் இருப்பதையே காட்டும். வெளியே வேறொரு கணினியில் யாரோ எழுதிவைத்த ஸ்கிரிப்ட் அப்பணியைப் பெயர் சொல்லி அழைக்குமாயின், அதனை அவ்வசதி அறியாது. அந்த ஸ்கிரிப்டுகளிலும், நேரங்குறித்து ஓட்டும் அட்டவணையிலும் பெயரைத் தனியே தேடுதல் வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் தோன்றிய அட்லாசியன் நிறுவனத்தில் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் நிகழ்ந்தது இதற்குப் பெருஞ்சான்று. பயனற்றுப் போன ஒரு சிறு செயலியை வாடிக்கையாளரின் தளங்களிலிருந்து நீக்க எண்ணினர். நீக்குவோர்க்குத் தரப்பட்ட பட்டியலிலோ, செயலியின் அடையாள எண்களுக்கு மாறாகத் தளங்களின் அடையாள எண்களே இருந்தன. ஸ்கிரிப்டை மற்றொருவர் பார்த்துச் சரி என்றே கூறினார். எனினும் கட்டளை செல்லும் வழியைப் பார்த்தாரேயன்றி, எண்கள் எதனைக் குறிக்கின்றன என்று பார்த்தாரில்லை. இருபத்துமூன்று நிமிடத்தில் 775 வாடிக்கையாளருக்குரிய 883 தளங்கள் மறைந்தன. பேக்கப் இருந்தது. ஆயினும் பலரையும் ஒருங்கே மீட்கும் வழியை முன்னரே அமைத்திலாமையால், அனைத்தும் மீள ஏப்ரல் 18 வரை ஆயிற்று.

எம் மங்களூருக்கு அணித்தாகிய விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர்க்கு இதன் உட்பொருள் எளிதில் விளங்கும். சுடாத பச்சைக் கலம் கோணினால் நீரிற் கரைத்து மீண்டும் மண்ணாக்கலாம்; சூளை கண்ட கலம் கோணினால் கோணியதே. நீக்குதலிலும் இவ்விரு நிலையும் உள. முதலில் பணியை ஓடாதபடி நிறுத்தி, பெயர்முன் ஒரு குறியிட்டு, உரியவர்க்கெல்லாம் அறிவித்துக் காத்திருத்தல் பச்சைக் கலம். மத்தேயு நற்செய்தியில் களைகளை அறுப்புக்காலம் வரை விட்டுவைக்கச் சொன்ன வீட்டெஜமானும் வேர்களின் பின்னலை அறிந்தே சொன்னார்.

காத்திருந்த பின், நீக்குமுன், பணிகளை எக்ஸ்போர்ட் செய்து கோப்பாக வைத்தல் வேண்டும். அக்கோப்பினைச் சோதனைக் கணினியில் இம்போர்ட் செய்து, ஒரு பணியையேனும் ஓட்டிப் பார்த்தாலன்றி அஃது இருக்கின்றதென்று நம்புதல் கூடாது. பின்னர் முதலில் ஐந்தே பணிகளை நீக்கி, ஓர் இரவு கழிய விட்டு, எண்ணிக்கை குறைய வேண்டிய அளவே குறைந்ததா என்று பார்த்து மேலே செல்லலாம். பட்டியலை எழுதியவர் ஒருவரும் சரிபார்ப்பவர் மற்றொருவருமாக இருத்தல் நன்று. அம்மற்றொருவர் கட்டளையை அன்றிப் பட்டியலையே வரி வரியாகப் படிப்பாராக.

எம் தமையனார் இப்போது நீக்கக் கருதும் பணிகளைப் பதின்மூன்று திங்கள் நிறுத்தி வைக்கின்றார். ஆண்டிற்குத் திங்கள் பன்னிரண்டு தானே, ஒன்று மிகையன்றோ என்று வினவினோம். “சென்ற ஆண்டு உதவித்தொகைப் பட்டியல் பத்து நாள் பிந்தி வந்தது, தம்பி” என்றார்.