புது இழைப்புளி வந்தாச்சு... பழசை விக்கலாமா, வெச்சுக்கலாமா?



சொந்த ஊர் விருத்தாசலம், வேலை சென்னையில. ஊருக்குப் போற சனி, ஞாயிறுல மர வேலை செய்யறது உங்க பொழுதுபோக்குன்னு வெச்சுக்கங்க. போனஸ் வந்ததும் 4,000 ரூபாய்க்கு ஒரு நல்ல இரும்பு இழைப்புளி வாங்கிட்டீங்க. இப்போ ஷெட்டுல மூணு பழசு சும்மா கிடக்குது. ரெண்டு, நீங்க வேலைக்குச் சேர்ந்த புதுசுல வாங்கின இரும்பு இழைப்புளி. ஒண்ணு, தாத்தாவோட மர இழைப்புளி. என்ன பண்ணலாம்?

உங்க ஊர் பீங்கானுக்குப் பேர் போனது. பீங்கான் தொழில்நுட்பத்துக்குன்னே அங்க ஒரு கல்லூரி இருக்கு. அதனால ஒரு காபி கோப்பையில இருந்தே ஆரம்பிப்போம்.

1990-ல டேனியல் கானெமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூணு பேரும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள்ல பாதிப் பேருக்கு ஆளுக்கொரு கோப்பை இலவசமா கொடுத்தாங்க. அப்புறம், "இதை என்ன விலைக்கு விப்பீங்க?"ன்னு கேட்டாங்க. மீதிப் பேர்கிட்ட, "என்ன விலைக்கு வாங்குவீங்க?"ன்னு கேட்டாங்க. கோப்பை கையில இருந்தவங்க கேட்ட விலை, வாங்க வந்தவங்க சொன்ன விலையைப் போல ஏறத்தாழ ரெண்டு மடங்கு! கோப்பை அதேதான். 'என்னுது'ங்கிற நினைப்புதான் விலையை ஏத்திடுச்சு.

அதனால முதல் கேள்வி இதுதான்: இந்தப் பழைய இழைப்புளி உங்ககிட்ட இல்லைன்னா, இன்னிக்கு விக்கிற விலைக்கு இதைக் காசு கொடுத்து வாங்குவீங்களா? அன்னிக்கு எவ்வளவு கொடுத்தீங்கங்கிறது கணக்குலயே வராது. அந்தப் பணம் எப்பவோ போயாச்சு.

ரெண்டாவது கேள்வி: இதுக்குன்னு தனியா ஒரு வேலை இருக்கா? பழசுல ஒண்ணோட அலகை லேசா வளைவா தீட்டி வெச்சா, கரடுமுரடான பலகையை வேகமா தள்ளிச் சீவலாம். கடைசி மெருகுக்குப் புதுசு. ஒரே இழைப்புளியை ஒவ்வொரு தடவையும் மாத்தி மாத்திச் சரிபண்ற நேரம் மிச்சம். ஆக ஒண்ணு இருக்கட்டும். அதே வேலைக்கு இன்னொண்ணு எதுக்கு? அதை வித்துடுங்க.

விக்கிறதுக்கு முன்னாடி துருவைத் தேய்ச்சு எடுத்து, அலகைத் தீட்டி, ஒரு சுருள் சீவிப் படம் எடுங்க. உடம்புல விரிசல் இருந்தா மறைக்காம சொல்லிடுங்க. வரி பயம் வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த இந்த மாதிரி சாமானை வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, ஓவியம் மாதிரி சிலதுக்குத்தான் அந்த விலக்கு பொருந்தாது.

600 ரூபாய் கிடைச்சா அவசரகால நிதியில போடுங்க. 7% வளர்ச்சின்னா 10 வருஷத்துல சுமார் 1,180 ரூபாய். இதனால யாரும் பணக்காரர் ஆகப் போறதில்லை, உண்மைதான். ஆனா விலை சரிஞ்ச பங்கை, "வாங்கின விலை வரட்டும், அப்புறம் விக்கிறேன்"னு வருஷக்கணக்கா பிடிச்சிட்டு உக்காந்திருக்கிறதும் இதே மனசுதான். 600 ரூபாயில பழகினா 60,000 ரூபாயில கை நடுங்காது.

கடைசியா, தாத்தாவோட இழைப்புளி. அதுக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். அவர் கை பட்டுத் தேய்ஞ்ச பிடிக்கு எந்தச் சந்தையிலயும் விலை கிடையாது. வெச்சுக்கங்க. ஆனா "நினைவுக்காக வெச்சிருக்கேன்"னு சொல்லிட்டு ஷெட்டுல கரையான் அரிக்க விட்டா, அது வெச்சிருக்கிறது இல்லை, தொலைக்கிறது. அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ எடுத்துத் துடைச்சு, மரத்துக்குக் கொஞ்சம் எண்ணெய் பூசி, வீட்டுக்குள்ள ஒரு அலமாரியில வைங்க. முடிஞ்சா அதுல ஒரு பலகை சீவிப் பாருங்க.

உங்க வீட்டுல அப்படி 'என்னுது'ன்னு விலை ஏறிக் கிடக்கிற பொருள் எது? இந்த வாரம் ஒண்ணே ஒண்ணை எடுத்து, அந்த முதல் கேள்வியைக் கேட்டுப் பாருங்க.