மும்பைக்கு எந்தக் கார் தோது?

நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில் லோக்கல் ரயில்கள் ஓய்ந்துவிடுகின்றன. அந்த வேளையில் வயதான தாய்க்கு மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டு போவது? மும்பைத் தமிழர் வீடுகளில் கார் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 4 மீட்டர் நீளத்துக்கும் 1,200 சி.சி.க்கும் மேற்படாத பெட்ரோல், எரிவாயுக் கார்களுக்கு இது பொருந்தும். அதன் பிறகு ஆசை இன்னும் வளர்ந்திருக்கிறது.

ஆனால் ஐந்தாண்டு, ஏழாண்டுத் தவணை விளையாட்டல்ல. வாடகை, பிள்ளைகளின் படிப்பு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் அதைக் கட்ட வேண்டும்.

முதலில் இடம்

இந்த நகரின் சந்துகளில் பல ஆண்டுகள் ஓடியது கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்சி. குர்லாவில் தயாரான அந்த வண்டி 4 மீட்டருக்குள் அடங்கியது. 2023 அக்டோபர் இறுதியில் கடைசி பத்மினியும் விடைபெற்றது. அது நுழைந்து திரும்பிய சந்துகளில் பல இன்றும் அதே அகலம்தான். ஓரத்தில் நிற்கும் வண்டிகள்தான் பெருகிவிட்டன.

ஆகவே ஷோரூமுக்குப் போகுமுன் ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, வண்டி நிற்கப்போகும் இடத்தை அளப்பது நல்லது. கதவைத் திறந்து இறங்கவும் இடம் வேண்டும். சொசைட்டியில் இடம் உண்டு என்று வாய்ப்பேச்சாகச் சொன்னால் போதாது. எழுத்தில் பெற வேண்டும்.

ஆல்ட்டோ கே10 சுமார் 3.53 மீட்டர் நீளம், 1.49 மீட்டர் அகலம். வேகன்-ஆர் சுமார் 3.65 மீட்டர் நீளம், 1.62 மீட்டர் அகலம். ஆல்ட்டோ சந்துக்குத் தோது. வேகன்-ஆர் உயரமான வண்டி என்பதால் மூட்டு வலி உள்ள பெரியவர்கள் அதிகம் குனியாமல் ஏறலாம்.

எரிவாயு லாபமா?

சி.என்.ஜி. கார் பெட்ரோல் காரைவிட விலை கூடுதல். அந்தக் கூடுதல் 90 ஆயிரம் ரூபாய் என்றும், கிலோமீட்டருக்கு 3 ரூபாய் மிச்சம் என்றும் வைத்துக்கொள்வோம். போட்ட பணம் திரும்ப 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். தினமும் ஓட்டுபவருக்கு அது இரண்டு, மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். மாதம் 300 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பல வண்டிகளில் சாமான் வைக்கும் இடத்தையும் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும்.

நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து இடது கால் மரத்துப் போகிறவர்கள், கிளட்ச் மிதி இல்லாத தானியங்கி கியர் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

மழையை மறக்கக் கூடாது

2005 ஜூலை 26 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் சாந்தாகுரூசில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. அவ்வளவு இல்லாவிட்டாலும், ஆண்டுதோறும் இந்த்மாத்தா, அந்தேரி சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தண்ணீர் தேங்குகிறது.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருகவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் உள்ளே இருக்கும் தண்டு வளைந்து பெரும் செலவு வைக்கும். சாதாரண இன்சூரன்சில் இந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் கிடைப்பதில்லை. எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனிப் பிரீமியம் கட்ட வேண்டும்.

பழைய கார் வாங்குவோர் தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அடியில் வண்டல், ஈர வாடை, இருக்கை போல்ட்டில் துரு இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கக்கூடும். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

ரயில் இருக்கிறது

டோம்பிவிலியிலிருந்து கோட்டைப் பகுதி ஆபீசுக்குக் காரில் தினமும் போய்வர நினைப்பவர் பெட்ரோலோடு பொழுதையும் எரிக்கிறார். அந்த வேலைக்கு சீசன் டிக்கெட்டே மலிவு. காருக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமைக் கோயில், உறவினர் வீட்டுக் கல்யாணம், நடுராத்திரி ஆஸ்பத்திரி ஆகியவைதான். இவற்றுக்குச் சிறிய வண்டி தாராளமாகப் போதும். பெரிய வண்டிக்குக் கட்டும் தவணையில் மிச்சமாவது, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மாதா மாதம் போய்ச் சேரும்.