மிளகு மணக்கும் ஒயின்

வியன்னாவின் புறநகர்த் தெருக்களில் ஒரு வீட்டு வாசலில் பைன் கிளை தொங்கினால், உள்ளே அவர்கள் சொந்தத் தோட்டத்து ஒயின் கிடைக்கும் என்று அர்த்தம். விளைவிப்பவரே விற்கலாம் என்று பேரரசர் இரண்டாம் ஜோசப் 1784-ல் ஆணையிட்டதன் தொடர்ச்சி இது. கோப்பையில் வருவது பெரும்பாலும் க்ரூனர் வெல்ட்லீனர். லேசாகப் பச்சை ஓடும் வெள்ளை ஒயின். முதலில் எலுமிச்சைப் புளிப்பு, பின்னாலேயே வெள்ளை மிளகின் வாசம். மிளகை யாரும் போடுவதில்லை. மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற பொருள் இந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறது.

1985-ல் ஆஸ்திரிய ஒயின் என்றாலே உலகம் முகம் சுளித்தது. இனிப்பும் கனமும் கூட்டுவதற்காகச் சிலர் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனத்தைக் கலந்தது அம்பலமாகி, ஏற்றுமதி படுத்துவிட்டது. அதே ஆண்டில் கடுமையான சட்டம் வந்தது. இனிப்பை நம்பிக் கெட்டவர்கள், இனிப்பே இல்லாத ஒயினுக்குத் திரும்பினார்கள். 2002-ல் லண்டனில் லேபிளை மறைத்து நடந்த ருசிச் சோதனையில், பிரான்சின் விலையுயர்ந்த பர்கண்டி ஒயின்களை க்ரூனர் பின்னுக்குத் தள்ளியது. இன்று நாட்டின் திராட்சைத் தோட்டங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த ரகம்தான்.

கூடவே என்ன சாப்பிடுவது? வியன்னாக்காரரைக் கேட்டால் ஷ்னிட்சல் என்பார். கன்றிறைச்சியைத் தட்டி மெலிதாக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. எண்ணெயின் திகட்டலை ஒயினின் புளிப்பு அடக்கிவிடும். உண்மையான பரீட்சை வசந்தகாலத்து அஸ்பாரகஸ் தண்டுதான். பல நல்ல ஒயின்களின் ருசியையே கெடுத்துவிடும் காய் அது; க்ரூனரிடம் மட்டும் அதன் ஜம்பம் அவ்வளவாகச் செல்லாது. குளிர்ச்சி 8 முதல் 10 டிகிரி போதும். உறைய வைத்தால் மிளகு வாசம் போய்விடும்.