ஒழுகும் குழாய்: பழுது பார்ப்பதா, மாற்றிவிடுவதா?



தெருக் குழாயடியில் குடத்தோடு காத்து நின்ற காலம் பல ஊர்களில் மாறிவிட்டது. 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற கணக்கில் கிராமத்து வீடுகளுக்கும் குழாய் இணைப்பு வந்தது. நல்ல காரியம். ஆனால் குழாய் வீட்டுக்குள் வந்தபோது அதைப் பராமரிக்கும் பொறுப்பும் கூடவே வந்துவிட்டது. இதை நாம் மறந்துவிடுகிறோம்.

"குடும்ப நலத்துக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் நிறைய இருக்கிறது. மேலே படியுங்கள்.

வெளியே போவது மட்டும்தானா?

"ஒழுகினா என்ன, தண்ணிதானே போகுது" என்று பலர் சொல்கிறார்கள். தண்ணீர் வெளியே போவது பாதிக் கஷ்டம்தான். அசுத்தம் உள்ளே வருவதே பெரிய கஷ்டம்.

நம் ஊர்களில் பெரும்பாலும் நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் வருவதில்லை. காலையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் வரும், பிறகு நின்றுவிடும். தண்ணீர் வேகமாக ஓடும்போது ஓட்டை வழியே வெளியே பீச்சும். நின்ற பிறகு பள்ளத்து வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால், பைப்பில் மிச்சமிருக்கும் தண்ணீர் அந்தப் பக்கம் இறங்கும். அப்போது மேட்டுப் பக்கத்துப் பைப் உறிஞ்ச ஆரம்பிக்கும். டிரம்மில் டியூப்பை விட்டு டீசல் இழுப்பதில்லையா? அதே மாதிரி, வெளியே தேங்கியிருப்பதை அந்த ஓட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே தேங்கியிருப்பது சாக்கடை என்றால், மறுநாள் காலையில் முதல் குடத்தில் வருவதும் அதுதான்.

தெருக் குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறவர்கள் இந்தக் கேட்டைப் பல மடங்கு ஆக்குகிறார்கள். தங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே தீங்கு செய்கிறார்கள்.

இப்படிக் கெட்ட தண்ணீரால் வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை பரவும். சின்னக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பில் உள்ள நீர் சீக்கிரமே வற்றிவிடும். கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி 3 மாதங்களில், 'ஈ' வகை மஞ்சள் காமாலை உயிருக்கே ஆபத்தானது. இப்போது சொல்லுங்கள், குழாய்க்கும் குடும்பத்துக்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா?

எதைப் பழுது பார்க்கலாம், எதை மாற்ற வேண்டும்?

1. சொட்டும் குழாய்

மூடிய பிறகும் சொட்டினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். சொட்டுவதை நிறுத்த இன்னும் இறுக்கி, இன்னும் இறுக்கித் திருகாதீர்கள். வாஷர் நசுங்கி, மரையும் கெட்டுவிடும். வால்வை அடைத்துவிட்டு, குழாயின் தலைப்பகுதியை ஸ்பானரால் கழற்றி, பழைய வாஷரைக் கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் புதிது வாங்கிப் போடுங்கள். சில ரூபாயில் முடிகிற வேலை.

புது வாஷர் போட்டும் சொட்டினால், வாஷர் உட்காரும் இடமே அரித்துப்போயிருக்கும். அப்போது குழாயை மாற்றுங்கள். பிளாஸ்டிக் குழாயில் விரிசல் கண்டாலும் மாற்றுவதுதான் சரி.

சொட்டுத்தானே என்று நினைப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். குழாயின் கீழே ஒரு டம்ளரை வையுங்கள். 10 நிமிடத்தில் 100 மில்லி சேர்ந்தால், ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேல் போகிறது. ஏறக்குறைய ஒரு குடம்!

2. ஜாயின்டில் கசிவு

மரை போட்ட ஜாயின்ட் என்றால் கழற்றி, மரையைத் துடைத்து, வெள்ளை டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றித் திரும்ப மாட்டினால் போதும். சணலைச் சுற்றி ஒயிட் லெட் பூசுவது பழைய வழக்கம். அசல் ஒயிட் லெட் காரீயம் சேர்ந்தது. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குடிதண்ணீர்ப் பைப்பில் அது வேண்டாம்.

பசை போட்டு ஒட்டிய பி.வி.சி. ஜாயின்ட் கசிந்தால் மேலே மறுபடி பசை தடவுவதில் பயனில்லை. அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புது இணைப்பு போட வேண்டும். ஈரமில்லாமல் துடைத்துத்தான் ஒட்ட வேண்டும். பசை டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காயவிட்டுப் பிறகு தண்ணீர் விடுங்கள்.

3. பைப்பில் ஓட்டை, விரிசல்

சைக்கிள் டியூப்பைக் கிழித்துக் கட்டுவது முதலுதவி மட்டுமே. அது ஒரு நாளைக்கு, இரண்டு நாளைக்கு. வருஷக்கணக்கில் அப்படியே விடுவது தவறு. ஓர் இடத்தில் மண்வெட்டி பட்டு உடைந்தது என்றால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அடிபடாமலே அடுத்தடுத்து இரண்டு மூன்று இடங்களில் விரிசல் விட்டால் பைப் முழுவதும் நொந்துவிட்டது என்று பொருள். வெயிலில் கிடக்கும் பி.வி.சி. பைப் இப்படித்தான் மொரமொரவென்று ஆகிவிடும். அதை மாற்றி, மண்ணுக்குள் பதியுங்கள். இரும்புப் பைப்பில் தினமும் செந்நிறத் தண்ணீர் வந்து, கசிவும் இருந்தால் அதற்கும் வயசாகிவிட்டது.

சாக்கடைக்குள்ளோ சாக்கடையை ஒட்டியோ போகும் பைப்பை, ஓட்டை விழும் வரை காத்திராமல் வேறு வழியில் மாற்றிப் போடுங்கள். புதுப் பைப் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 4985 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இது குடிநீருக்கான பி.வி.சி. பைப்பின் எண். விலை மலிவு என்று கரண்டு வயர் போகும் பைப்பைத் தண்ணீருக்குப் போடாதீர்கள்.

4. தொட்டி நிரம்பி வழிதல்

மிதவை வால்வைப் பாருங்கள். மிதவைக்குள் தண்ணீர் புகுந்து கனத்துப் போனால் அது மேலே எழும்பாது. மிதவையை மட்டும் மாற்றினால் போதும். வால்வே தேய்ந்திருந்தால் வால்வையும் மாற்றுங்கள். தொட்டியின் மூடி உடைந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியையும் டிரம்மையும் காலி செய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது. காலி செய்ய முடியாத பெரிய தொட்டியைக் கொசு புகாதபடி இறுக மூடி, வழிந்தோடும் குழாயின் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள்.

5. கழிப்பறையில் நாற்றம், அடைப்பு

கழிப்பறைக் கோப்பையின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்கும் கதவு. அந்தத் தண்ணீர் நிற்காமல் வடிந்துபோனால் வளைவு உடைந்திருக்கிறது, மாற்றுங்கள். வெறும் அடைப்பு என்றால் குத்தி எடுத்தால் சரியாகும். ஆசிட் ஊற்ற வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது. அது உயிரைக் குடிக்கும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

முடிவு செய்ய மூன்று கேள்விகள்

ஒன்று: அந்த ஓட்டை வழியாக அசுத்தம் உள்ளே வருமா? வரும் என்றால் அன்றைக்கே சரிசெய்ய வேண்டும்.

இரண்டு: ஒரே இடம் எத்தனை தடவை பழுதாகிறது? இரண்டு தடவை பழுது பார்க்கலாம். மூன்றாம் தடவை மாற்றிவிடுங்கள்.

மூன்று: பழுது பார்க்கும் செலவு புதிதின் விலையில் பாதியைத் தாண்டுகிறதா? தாண்டினால் புதிது வாங்குவதே சிக்கனம்.

இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டியது

பல வீடுகளில் இந்தப் பேச்சு காதில் விழுகிறது:

"ஏங்க, அந்தக் குழாய் இன்னும் ஒழுகிக்கிட்டே இருக்குதுங்க."

"இருக்கட்டும் விடு, அறுப்பு முடியட்டும், ஆளைக் கூப்பிடறேன்."

ஒழுகுவது முதலில் மனைவியின் கண்ணில்தான் படுகிறது. காசை எடுப்பது கணவரின் கையில் இருக்கிறது. நடுவில் நாட்கள் ஓடுகின்றன. ஐயா, தண்ணீரில் புழங்குகிறவர் சொன்னால் அதை முணுமுணுப்பு என்று தள்ளாதீர்கள். அம்மா, வாஷர் மாற்றுவது ஆம்பளை வேலை என்று நீங்களும் ஒதுங்க வேண்டாம். ஒரு தடவை பார்த்தால் வந்துவிடும். ஒரு ஸ்பானர், நாலு வாஷர், ஒரு வெள்ளை டேப் வீட்டில் இருக்கட்டும். நகத்தால் கிள்ளுவதைக் கோடாலி கொண்டு வெட்டுவானேன்?

மாதம் ஒருநாள் இரவில், வெளியிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் வராத நேரமாகப் பார்த்து, மட்டத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து எல்லாக் குழாய்களையும் மூடிவிடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால், எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் கசிகிறது.

தண்ணீரில் சந்தேகம் வந்தால்

கலங்கலோ நாற்றமோ இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். முதலில் வருவதைக் கீழே விட்டுவிடுங்கள். அப்படியும் தெளியாவிட்டால் வேறு நல்ல தண்ணீரைப் பிடித்து, நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள். தெருப் பைப்பில் உடைப்பு இருந்தால் ஊராட்சியிலும் தண்ணீர் திறந்துவிடுபவரிடமும் உடனே சொல்லுங்கள். குளோரின் சேர்த்த தண்ணீரில், வீட்டுக் குழாய்க்கு வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். சோதித்துக் காட்டும்படி சுகாதார ஆய்வாளரைக் கேளுங்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு சுத்தமான தண்ணீரில் கரைத்து, அடிக்கடி கொடுங்கள். செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் விடாமல் கொடுக்க வேண்டும். கண் குழி விழுந்தாலோ, குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வாஷருக்கு ஆகும் செலவு சில ரூபாய். பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தால் மருந்துச் செலவு ஒருபக்கம், இருவரின் கூலியும் போவது மறுபக்கம். இன்று மாலையே இருவருமாக வீட்டுக் குழாய்களை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.