தோப்பிலே கோழி சுடும் விருந்தா? அடுப்பு மூட்டும் முன் சருகைப் பாருங்கள்!

தேவாரம்—

கோடை லீவு வந்தாச்சு. சென்னை, திருப்பூர் என்று பிழைக்கப் போனவர்கள் பிள்ளைகுட்டிகளோடு ஊருக்கு வருகிறார்கள். பஸ்சை விட்டு இறங்கியதும் முதல் கேள்வி, "மாமா, தோப்புல கோழி சுடலாமா?" என்பதுதான்!

முன்பெல்லாம் தோப்பு விருந்து என்றால் அண்டா வைத்து கிடாக் குழம்பு காய்ச்சுவார்கள். இப்போது கம்பி வலை, அடுப்புக் கரி, மசாலா தடவிய கோழி. 'பார்பிக்யூ' என்று பேர். பேர் எதுவானால் என்ன? நெருப்பு நெருப்புதானே!

தேவாரத்தில் அந்த நெருப்புக்குக் கூடுதல் மரியாதை தர வேண்டும். இங்கே பல தோப்புகளுக்கும் மலைக்கும் நடுவே ஒரு வேலிதான். வேலிக்கு அப்பால் காய்ந்த புல். அதற்கு மேலே காடு.

குரங்கணி மறக்குமா?

போடிக்கு மேலே நடந்தது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத் தீ சுற்றி வளைத்தது. ஆஸ்பத்திரியில் இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போயின. பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். காய்ந்த புல்லும் காற்றும் கைகோத்தால் ஓடக்கூட நேரம் இருக்காது என்பதை இந்தச் சீமை அன்று கண்ணால் பார்த்தது.

தீ மேட்டைப் பார்த்து ஏறும். சமதரையில் நடக்கிற தீ சரிவில் ஓடும். பகல் வெயிலில் மலைச்சரிவில் காற்று மேலே ஏறுகிறது. பொழுது சாய்ந்த பிறகு கீழே இறங்குகிறது. அதாவது, மதியம் மூன்று மணிக்குப் பறக்கும் பொறி காட்டுக்குப் போகும். ராத்திரி எட்டு மணிக்குப் பறக்கும் பொறி வீட்டுக் கூரைக்கு வரும். எப்படிப் பார்த்தாலும் வம்புதான்!

பஞ்சு பறக்கிற காலம்

இன்னொன்று. போடி வட்டாரம் இலவம் பஞ்சுக்குப் பேர் போனது. நெற்று வெடித்துப் பஞ்சு பறப்பதும் இதே கோடையில்தான். வேலி ஓரம், வாய்க்கால் ஓரம் எல்லாம் வெள்ளையாய் ஒதுங்கிக் கிடக்கும். ஒரு பொறி போதும், குப்பென்று பிடித்துவிடும். இலவ மரம் உள்ள தோப்பில் கரி அடுப்பே வேண்டாம் என்பதுதான் நம் கட்சி.

மற்ற தோப்புக்காரர்கள் முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடுங்கள். அடுப்பைச் சுற்றிப் பத்தடிக்காவது மண் தெரிய வேண்டும். மாஞ்சருகு, தென்னம்பாளை, காய்ந்த மட்டை எல்லாவற்றையும் வாரி அப்புறப்படுத்துங்கள். கையை விட்டு அள்ளாதீர்கள். சருகுக்குள் விரியன் படுத்திருக்கும், வாரிதான் நல்லது. வாரிய சருகை "சும்மா கொளுத்திவிடுவோம்" என்று நினைக்கிற புத்திசாலிகள் உண்டு. வேண்டாம், குழியில் போட்டால் எருவாகும்.

அண்ணாந்தும் பாருங்கள். தலைக்கு மேல் கிளை தாழ்ந்திருக்கிறதா? தேன்கூடு தொங்குகிறதா? புகை பட்டால் தேனீ விருந்தாளியைப் பார்த்துக் கொட்டாது! கீற்றுக் கொட்டகை, வைக்கோல் படப்பு பக்கம் அடுப்பு கூடவே கூடாது. பம்புசெட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். கரண்ட் போய்விட்டால்? இரண்டு குடம் தண்ணீரும் ஒரு கூடை மணலும் அடுப்பு மூட்டும் முன்பே பக்கத்தில் இருக்கட்டும்.

மண்ணெண்ணெய் மாமா

எல்லா விருந்திலும் ஒரு மாமா இருப்பார். கரி பிடிக்கவில்லை என்றதும், "மாப்ளே, கொஞ்சம் மண்ணெண்ணெய ஊத்துடா!" என்பார். கனலும் கரியில் எண்ணெய் ஊற்றினால் கேனுக்கே தீ தாவி வரும். பெட்ரோல் என்றால் கேட்கவே வேண்டாம். நல்ல சிரட்டையும் நாலு காய்ந்த சுள்ளியும் போதும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கறியைக் கோக்க அரளிக் குச்சியை ஒடித்துவிடாதீர்கள். அது விஷம், அதன் புகையும் ஆகாது.

மசாலா தடவிய கோழியைக் காலையிலிருந்து வெயிலில் வைத்துவிட்டு மாலையில் சுட்டால், ராத்திரி வயிறு பேசும். சுடும் நேரம் வரை ஐஸ் பெட்டியில் இருக்கட்டும்.

யாருக்காவது கை சுட்டுவிட்டால் பேஸ்டு, இங்க் எதுவும் தடவ வேண்டாம். இருபது நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள். பெரிய காயமானால் 108. தீ கைமீறினால் 101.

வேலி தாண்டி, காட்டுக்குள் போய் அடுப்பு வைக்கலாம் என்று இளவட்டங்கள் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். காப்புக் காட்டில் தீ மூட்டுவது 1882-ம் ஆண்டு வனச் சட்டப்படியே குற்றம்.

விருந்து முடிந்ததும் பலர் செய்வது, கனலின் மேல் மண்ணை மூடிவிட்டுப் போவது. இதுதான் ஆபத்து! மண்ணுக்குள் கரி மறுநாள் வரை கனன்று கிடக்கும். தண்ணீர் ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு குடம்.

விடிந்ததும் அந்த வழியாக ஆடு பற்றி வருகிற பையன் செருப்பில்லாமல்தான் வருவான்.