தீவாந்தரத்தில் ஒரு மழைக்கால விடுமுறை

உல்லாசப் பிரயாணம் என்றால் அதற்குச் சில சம்பிரதாயங்கள் உண்டு. ஆகாயம் நிர்மலமாக இருக்கவேண்டும். பேச்சுத் துணைக்கு நாலு பேர் கூட வரவேண்டும். போகும் இடத்தின் பெயரைக் கேட்டதும் உறவினர்களுக்குச் சற்றே பொறாமை உண்டாகவேண்டும். பள்ளிக்கூட விடுமுறையில் மிச்சமிருந்த பத்து நாளைக் கழிப்பதற்காக மே மாதக் கடைசியில் நாம் தன்னந்தனியாக அந்தமானுக்குப் புறப்பட்டபோது, இந்த மூன்று சம்பிரதாயங்களும் ஒருங்கே பங்கப்பட்டன. எதிர்வீட்டுத் தாத்தா செய்தியைக் கேட்டுவிட்டு, "தீவாந்தரத்துக்கா? அப்படி என்ன குற்றம் செய்துவிட்டீர், வாத்தியாரே?" என்று விசாரித்தார்.

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அந்த வேடிக்கைக்குள் ஒரு நூற்றாண்டின் துயரம் அடங்கியிருக்கிறது. 1857-ம் வருஷத்துப் புரட்சி ஒடுக்கப்பட்ட பின், 1858 மார்ச்சு 10-ந் தேதி, 200 கைதிகளுடன் ஒரு கப்பல் அந்தமானை அடைந்தது. அன்று முதல் 'காலாபானி' என்ற பெயர் வட தேசத்துத் தாய்மார்களின் வயிற்றில் நெருப்பை மூட்டி வந்தது. சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல். இன்று கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். விமானத்தில் போனால், ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பதற்குள் தலைநகர் வந்துவிடுகிறது. போர்ட் பிளேர் என்று நாம் படித்த அந்நகரத்துக்கு 2024-ம் வருஷத்தில் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில்தான் ஆரம்பமாகிறது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில், நமது தேசத்து மண்ணில் அது முதலில் அடியெடுத்து வைப்பது அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில்தான். சாதாரணமாக மே மாதத்து மூன்றாவது வாரத்தில் அங்கே வந்து இறங்கி, ஜூன் முதல் தேதி வாக்கில் கேரளத்தை எட்டிப் பார்க்கிறது. தென்மேற்கு மழை ஓய்ந்ததும் வடகிழக்கு மழையும் அத்தீவுகளை விடுவதில்லை. வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, அதாவது சென்னையில் பெய்வதைப்போல் இரண்டு மடங்கு! நாம் போன இரண்டாம் நாளே அந்தக் கணக்கில் ஒரு நல்ல பங்கு நம் தலைமேல் விழுந்துவிட்டதாகத் தோன்றியது. குடை முதல் காற்றிலேயே தாமரைப் பூவாக மலர்ந்துவிட்டது.

மழைக் காலத்தில் அத்தீவின் விளம்பரப் படங்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகின்றன. நீலக் கடல் சாம்பல் நிறமாகிறது. கடலில் குளிக்கக் கூடாதென்று எச்சரிக்கை செய்கிறார்கள். ஹாவ்லக் என்ற பெயர் போய் 2018 முதல் சுயராஜ்யத் தீவாக விளங்கும் தீவுக்குப் போக நாம் ஆசைப்பட்டோம். இரண்டு நாள் காலையில் துறைமுகத்துக்குப் போனோம். கடல் கொந்தளிப்பினால் இரண்டு நாளும் படகு புறப்படவில்லை. தேசத்துக்கெல்லாம் ஒரே கடிகாரமாகையாலும், அந்தமான் கல்கத்தாவுக்கும் கிழக்கே இருப்பதாலும், மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடுகிறது. துணையில்லாத மனிதனுக்கு மழையும் இருட்டும் சேர்ந்தால் பொழுது எப்படிப் போகும்?

நடந்தே போயிற்று. காட்சிகளைப் பார்க்க முடியாதபோது ஊரைப் பார்க்கலாம் என்று புறப்பட்டோம். மரங்களெல்லாம் குளித்து எழுந்தவைபோல் நின்றன. ஒரு தேநீர்க் கடையில் தமிழ்ப் பேச்சுக் காதில் விழவே, உள்ளே நுழைந்தோம். "இவ்வளவு மழை பெய்கிறதே, உங்களுக்கென்ன குறை?" என்றோம். கடைக்காரர் சிரித்தார். "மழையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், ஸார். பங்குனி சித்திரையில் வந்தீர்களானால் நாங்கள் குடத்தோடு காத்துக்கொண்டிருப்போம்" என்றார்.

விஷயம் இதுதான். அங்கே நிலம் மேடும் சரிவுமாக இருக்கிறது, ஓடைகள் குட்டையானவை, நாலு பக்கமும் கடல். பெய்த தண்ணீர் மறுநாளே கடலில் கலந்துவிடுகிறது. தலைநகருக்குக் குடிநீர் தருவது முக்கியமாகத் தானிகரி அணை. அது வற்றினால் கோடையில் தண்ணீரை முறை வைத்துத்தான் விடவேண்டியிருக்கிறது. வெயில் காலத்தில் வந்து நீலக் கடலை ரசித்துவிட்டுப் போகிறவர்களுக்கு மழை ஒரு இடைஞ்சல். தீவில் குடியிருப்பவர்களுக்கோ அது வருஷம் முழுவதற்குமான சேமிப்பு. இந்தச் சிறு உண்மையை ஈரத் துணியோடு உட்கார்ந்து கேட்டபோதுதான் நன்றாக உறைத்தது.

மறுநாள், மழை சற்றும் விடாத ஒரு பிற்பகலில், செல்லுலர் சிறைக்குப் போனோம். கூட்டமே இல்லை. 1896-ல் கட்டத் தொடங்கி 1906-ல் முடித்த கட்டடம் அது. நடுவே ஒரு கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல் மூன்று மாடிகள் கொண்ட ஏழு வரிசைகள். ஏறக்குறைய 700 அறைகள். அவற்றில் மூன்று வரிசைகளே இன்று எஞ்சியிருக்கின்றன. ஒவ்வோர் அறையும் சுமார் பதின்மூன்றரை அடி நீளம், ஏழடி அகலம். கைக்கெட்டாத உயரத்தில் ஒரு சிறு சாளரம். ஒரு வரிசையின் முகப்பு அடுத்த வரிசையின் முதுகைப் பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு கைதியின் முகம் இன்னொரு கைதிக்குத் தெரியக்கூடாது. பேச்சுக் கேட்கக் கூடாது. கல்லும் சுண்ணாம்பும் மட்டுமல்ல, தனிமையும் அந்தக் கட்டடத்தின் ஒரு பொருளாக இருந்தது.

செக்கில் மாட்டைப்போல் பூட்டப்பட்டு, நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டவேண்டும் என்ற விதியும் அங்கே இருந்தது. 1933-ம் வருஷத்து உண்ணாவிரதத்தில் பலவந்தமாகப் பால் புகட்டப்பட்டு மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் உயிர் துறந்தனர். 1937-ல் மறுபடியும் உண்ணாவிரதம் நடந்த பிறகே அரசியல் கைதிகள் தாய்நாட்டுக்குத் திரும்பினார்கள். 1943 டிசம்பர் 30-ந் தேதி நேதாஜி அந்நகரில் நமது கொடியை ஏற்றினார். அந்தப் பெருமையைச் சொல்லும்போது மற்றொன்றையும் மறைக்கலாகாது. ஜப்பானியர் ஆண்ட அந்த நாட்களில் தீவுவாசிகள் பலர் அதே சிறையில் சித்திரவதைப்பட்டனர். டாக்டர் திவான் சிங் 1944 ஜனவரியில் அவ்விதமே மாண்டார். எஜமானர் மாறினாலும் அறைகள் மாறவில்லை.

ஓர் அறைக்குள் சிறிது நேரம் நின்றோம். மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அடுத்த அறையில் யார் இருக்கிறார் என்று அறியாதவனும் அந்த மழையை மட்டும் எல்லோரோடும் சேர்ந்து கேட்டிருப்பான் அல்லவா? மூன்று நாளாக யாருடனும் நாலு வார்த்தை நிறையப் பேசாததையே நாம் ஒரு விரதம்போல் எண்ணிப் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தோம். ஆனால் நமது தனிமைக்குத் திரும்பிப் போகும் டிக்கட்டு சட்டைப் பையில் இருந்தது. வேண்டும்போது விட்டுவிடக்கூடிய தனிமை மனத்துக்கு ஓய்வு. விடமுடியாத தனிமை மனத்தையே தின்னும் ஆயுதம். சரித்திர பாடத்தில் ஆண்டு ஆண்டாக நாம் சொல்லிக் கொடுத்து வந்த 'தீவாந்தர சிட்சை' என்ற இரண்டு சொற்களுக்கு அன்றுதான் முழு அர்த்தம் கிடைத்தது.

நாலு பேரோடு போயிருந்தால் அங்கே புகைப்படம் எடுத்துக்கொண்டு, அடுத்தபடி சிற்றுண்டி எங்கே என்று பேசத் தொடங்கியிருப்போம். அதில் பிசகு ஒன்றுமில்லை. குடும்பத்தோடு போவதன் சந்தோஷமே தனி. குழந்தைகளுடன் போகிறவர்கள் கடல் அமைதியாயிருக்கும் டிசம்பர் முதல் மார்ச்சு வரையில் போவதே உத்தமம். மழையில் போக விரும்புகிறவர்கள், படகு நின்றுவிட்டால் பதறாமலிருக்க, கையில் இரண்டு நாளை உபரியாக வைத்துக்கொள்ளட்டும். எச்சரித்த இடத்தில் கடலில் இறங்க வேண்டாம். வடக்கே போகும் நெடுஞ்சாலை ஜாரவாக்களின் காட்டைக் கடக்கிறது. அந்த ஆதிகுடிகளை வேடிக்கை பார்ப்பதற்காக அந்த வழியே போகவே வேண்டாம்.

எந்தப் பருவத்தில் போனாலும் சரி, சிறைக்குப் போகிற அன்று ஒரு கால்மணி நேரம் கூட்டத்தைப் பிரிந்து, ஓர் அறைக்குள் தனியாக நின்றுவிட்டு வாருங்கள்.